அம்மா காது

அடி அண்ணாமலை
10-4-2020

அன்புத் தங்கை தென்றலுக்கு,

அக்கா அருணாதேவி எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் உன் மகள் சிந்துஜாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

வேங்கிக்காலில் இருப்பவளுக்கு, ஸ்கூட்டி எடுத்தால் கால் மணியில் வந்துவிடக் கூடியவளுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ தினமும் போனில் முகம் காட்டுகிறாய், கொஞ்சுகிறாய், வேலை வந்ததும் வைத்துவிடுகிறாய். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கிறவள் நான். நேற்றுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மாவ போன்லேர்ந்து வெளிய வரச் சொல்லு" என்று ஒரே அழுகை. அப்புறம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கி வந்தால் என்னை உதைக்கிறாள்.

அதனால் சொல்கிறேன், கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம். கடிதம் எழுது. நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். எங்கள் மாட்டுப் பாலை எடுக்க வரும் குமரேசன் வேனில் கொடுத்தனுப்பினால் உன் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிடுவான். நீ சொல்லிக் கொடுத்தபடி காகிதத்தை வெயிலில் காயவைத்துத்தான் தொடுவோம்.

கிரிவலப் பாதையில் இந்தப் பௌர்ணமிக்கு ஒரு ஆள் நடக்கவில்லை. உன் மாமா டீக்கடையைத் திறக்காமலே பாய்லரைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். கொரோனா வேலைக்காகப் பேப்பரில் வந்த உன் போட்டோவை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். நம் வீட்டில் படிப்பும் உனக்கு, பிள்ளையும் உனக்கு, இப்போது போட்டோவும் உனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அருணா

வேங்கிக்கால்
14-4-2020

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இங்கே எனக்குப் பண்டிகை எலுமிச்சை சாதப் பொட்டலம்தான்.

நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். போனை நிறுத்திவிடுகிறேன். கொரோனா கட்டுப்பாட்டு அறையில் இருப்பவள் நான், எப்போது யாரிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் என்று தெரியாது. அதற்குப் பயந்துதானே அவளை உன்னிடம் விட்டேன்.

வேலை என்னவென்று அன்றைக்குப் போனில் கேட்டாயே. நோய் உறுதியானவர்களுக்குப் போன் போட்டு, யாரை எல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்பேன். அவர்கள் சொல்கிறவர்கள் மற்றவர்களுக்கு நோயைக் கொடுப்பதற்கு முன்னால் போய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மளிகைக்காரரைச் சொல்வார்கள், பால்காரரைச் சொல்வார்கள். ஆசைப்பட்டுப் போய்ப் பார்த்தவரை மட்டும் முதலில் சொல்லவே மாட்டார்கள்.

பங்குனியில் வைத்திருந்த சிந்துவின் காதுகுத்து நின்றுபோனதில் வருத்தப்படாதே. ஷார்ஜாவிலிருந்து அவள் அப்பாவுக்கு விமானம் இல்லை. ஆறு வயது பிறந்துவிட்டால் இரட்டைப்படை, குத்தக்கூடாது என்பாய். ஏழு வயதில் குத்துவோம். அவர் வந்து நிற்காமல், நான் கூட இல்லாமல் வேண்டாம்.

ஒன்று கேட்கவேண்டும். சிந்து தூங்க வேண்டுமானால் என் காது மடல் அவள் கையில் இருக்க வேண்டும். கைக்குழந்தையிலிருந்து பழக்கம். இப்போது என்ன செய்கிறாள்?

அன்புத் தங்கை,
தென்றல்

அடி அண்ணாமலை
21-4-2020

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் மாமாவின் முட்டிவலி கம்மி.

உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது! சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தோம். முதல் தடவை கீழே விழுந்துவிட்டது, இரண்டாவது தடவை உன் மாமா தூக்கிப் பிடித்தார், எறிந்தாள். கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்திருக்கிறாள், பிஸ்கெட். நான் தலை வாரினால்தான் ஆடாமல் நிற்கிறாள். நீ ரெட்டைப் பின்னல் போடுவாயே, அது இழுக்கிறதாம்.

காதைக் கேட்டாயே, கவலையை விடு. என் காதைத்தான் பிடித்துக்கொள்கிறாள். படுத்ததும் கை தானாக வந்துவிடும், இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவாள். என் கம்மலைத் திருகித் திருகி விளையாடுகிறாள்.

அவள் வரைந்த படம் இதோடு வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு படம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா

வேங்கிக்கால்
29-4-2020

அக்காவுக்கு,

நலம்தான் என்று எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன், பழக்கத்துக்காக.

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பல் விழுந்த இடத்தில் சந்தோஷப்பட்டேன். காதைப் பற்றி எழுதிய இடத்தில் அழுதேன். கூட வேலை பார்க்கும் ஜஹானாரா மேடம் பயந்துபோய் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். என் குழந்தை வேறொருத்தி காதைப் பிடித்துத் தூங்குகிறது என்று எப்படிச் சொல்வது?

எனக்குப் பொறாமையாக இருக்கிறது அக்கா. நீ அவளுக்குச் சோறு போடுகிறாய், நன்றி சொல்ல வேண்டியவள் நான். சொல்ல வாய் வரவில்லை. அந்தப் படத்தில் நீ, பிஸ்கெட், சிந்து மூன்று பேரும் பெரிதாக நடுவில் நிற்கிறீர்கள். ஓரத்தில் நான். எனக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை, மாஸ்க்தான் இருக்கிறது.

கொஞ்சம் குறைத்துக் கொஞ்சு. இப்படி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் பரவாயில்லை.

தென்றல்

வேங்கிக்கால்
5-5-2020

அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம் இருந்தால் அப்புறம் வைத்துக்கொள், இது வேறு விஷயம்.

கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் காய்கறி லாரிகளில் ஊருக்கு ஊர் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பலருக்கு நோய் இருக்கிறது, ஆனால் காய்ச்சலோ இருமலோ கிடையாது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒருத்தர் வந்து, ஒரு வீடே ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. அப்படி வந்தவர்களைத் தனியே தங்கவைத்துப் பரிசோதிக்கிறோம். தண்டனை ஒன்றும் இல்லை, சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் சித்தப்பா மகன் முருகையனும் அங்கேதானே மூட்டை தூக்கினான்? போன் போட்டால் அணைத்துவைத்திருக்கிறான். உன்னிடம் வந்தானா? வந்திருந்தால் இன்றைக்கே சொல். நமக்குக் கூடப்பிறந்தவன் இல்லாத குறைக்கு அவன் ஒருத்தன்தான், தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

தென்றல்

அடி அண்ணாமலை
9-5-2020

தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

முருகையன் சென்னையில்தான் இருப்பான். எனக்கென்ன தெரியும்? ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு உனக்கு வீட்டு ஆட்களைக் கண்டாலும் அதே புத்தி வந்துவிட்டது. நீ பார்க்கும் வேலை அப்படி.

கொஞ்சுவதைக் குறைக்கச் சொன்னாய். குறைத்துக்கொள்ள என்னிடம் வேறு என்னடி இருக்கிறது? கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு சின்னச் செருப்பு கிடப்பது இப்போதுதான்.

வெயில் ஜாஸ்தி. சிந்து பகலெல்லாம் தூங்குகிறாள். அதனால் இந்தத் தடவை படம் இல்லை.

அருணா

வேங்கிக்கால்
18-5-2020

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. மாமாவுக்கு இன்று மூச்சு பரவாயில்லை, ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். ஆண்கள் வார்டிலிருந்து உனக்குச் சொல்லியனுப்பச் சொன்னார். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகுதான் உனக்கும் சிந்துவுக்கும் பரிசோதனை நடந்தது. இரண்டு பேருக்கும் இருக்கிறது என்று கணினித் திரையில் பார்த்தபோது என் மேஜையில்தான் இருந்தேன். சொந்தம் என்பதால் உங்களை விசாரிக்கும் வேலையை ஜஹானாரா மேடத்திடம் கொடுத்தார்கள். அவரிடம் நீ என்ன சொன்னாய்? "எங்கயும் போகலைங்க, யாரும் வரலைங்க." நோய் என்ன மலையிலிருந்து இறங்கி வந்ததா?

இன்று காலை வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். சிந்து கண்டுபிடித்துக் கையாட்டினாள். பிஸ்கெட் மாதிரி குதித்துக் காட்டினாள். குதிக்கும்போது இடது காதில் ஏதோ மின்னியது. தங்கத் தோடு. வலது காதில் ஒன்றும் இல்லை.

யார் மடியில் உட்காரவைத்துக் குத்தினாய்? தாய்மாமன் மடி இல்லாமல் நீ குத்தமாட்டாய், எனக்குத் தெரியும். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன், முருகையன். அவன் எங்கே இருக்கிறான்? வேறு யார் வந்தார்கள்? நீ சொல்லாமல் விட்டுவிடுகிற ஒவ்வொரு பேரும் இப்போது ஏதோ ஒரு வீட்டில் நோயோடு சமைத்துக்கொண்டிருக்கிறது. அதை நினைத்துப் பதில் எழுது.

என் மகளின் காதுகுத்தை நான் ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன்.

தென்றல்

கொரோனா வார்டு
18-5-2020

தங்கச்சி,

வார்டிலிருந்து காகிதம் வெளியே போகக் கூடாதாம். நர்ஸ் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொன்னாள். உன் மகளுக்கு இன்று காய்ச்சல் இல்லை. முதலில் அதை எழுதிவிட்டேன்.

முருகையன் மே ஒன்றாம் தேதி தக்காளி லாரியில் வந்தான். எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறான், இப்போதும் அங்கேதான். உங்கள் ஆட்கள் வீட்டைப் பூட்டும்போது வைக்கோலுக்குள் இருந்தான். உன் மாமா ஆரம்பத்திலிருந்தே, "தென்றலுக்குச் சொல்லிடு அருணா" என்றார். நான்தான் தடுத்தேன்.

காது குத்தியவர் சுப்பன் ஆசாரி. பக்கத்து வீட்டுத் தனமும் அவள் மகள்கள் இரண்டு பேரும் வந்து கேசரி சாப்பிட்டுப் போனார்கள். குமரேசன் வரவில்லை, வேனை விட்டு இறங்கவே மாட்டான். இவ்வளவு பேர்தான். உடனே ஆள் அனுப்பு. ஆசாரிக்கு வயசாகிறது.

ஏன் ஒற்றைக் காது என்றால், முதல் காதில் ஊசி இறங்கியதும் உன் மகள் முருகையன் கையைக் கடித்துவிட்டு இறங்கி ஓடினாள். "அம்மா வந்தாத்தான்" என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஆசாரி சிரித்துக்கொண்டே, "இன்னொரு காது அம்மாவுக்கு இருக்கட்டும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு ஐந்தாறு நாளில் அவளுக்குக் காய்ச்சல். காது புண் என்று நினைத்து மருந்து கொடுத்தேன். இல்லை, அதுவும் பொய். பயந்துகொண்டேதான் கொடுத்தேன். சொன்னால் நீ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாய்.

அருணா

வேங்கிக்கால்
25-5-2020

அக்காவுக்கு,

மாமா நேற்று எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். உனக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள்.

நீ எழுதிய அன்றே ஆட்கள் போனார்கள். முருகையனுக்கு இருக்கிறது, ஒரு தும்மல்கூட இல்லை. வைக்கோலோடு வெளியே வந்து, "என்னாலதாங்க எல்லாம்" என்று ஜஹானாரா மேடத்திடம் அழுதானாம். தனத்தின் சின்ன மகளுக்கு இருக்கிறது. சுப்பன் ஆசாரிக்கு இருக்கிறது, அவருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஆசாரி உங்கள் வீட்டிலிருந்து போய் மூன்று வீட்டில் தோடு திருத்தியிருக்கிறார். அந்த வீடுகளில் இன்னும் யாருக்கும் வரவில்லை. உங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். பிஸ்கெட்டுக்கும் மாடுகளுக்கும் தனத்தின் வீட்டுக்காரர் தகரத்துக்கு உள்ளிருந்து தண்ணீர் காட்டுகிறார். அவருக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னைத் தவிர யாரும் இல்லை. சிந்து சின்னப் பிள்ளை என்பதால் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். உனக்கும் நோய் இருப்பதால் நீ அவளோடு ஒரே கட்டிலில் படுத்திருக்கிறாய். எனக்கு இல்லை என்பதால் நான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். எனக்குச் செய்த பரிசோதனையில் இல்லை என்று வந்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கும் வந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஊரெல்லாம் அது வராமல் இருக்க ஓடுகிறவள், எனக்கு வரவில்லையே என்று உன் நோய்மேல் பொறாமைப்பட்டேன்.

அவளுக்கு ராகி பிஸ்கெட் அனுப்பியிருக்கிறேன். நான் கொடுத்தது என்று சொல். மறக்காமல் சொல்.

தென்றல்

கொரோனா வார்டு
30-5-2020

அன்புத் தங்கை தென்றலுக்கு,

நாங்கள் மூன்று பேரும் தேறிவிட்டோம். நாளை மறுநாள் அனுப்பிவிடுவார்களாம். உன் மகளை உன்னிடமே அனுப்பச் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் ஒன்று எழுத வேண்டும். நேரில் என்னால் சொல்ல முடியாது.

பிஸ்கெட் கொடுத்து, அம்மா கொடுத்தது என்று சொன்னேன். டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள், என்னைத் தொடவிடவில்லை.

இங்கே வந்த இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு உடம்பு கொதித்தது. கண் மூடியபடியே, "அம்மா" என்றாள். நான் உடனே, "என்னடா கண்ணு" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னை விட்டால் அங்கே யார் இருந்தார்கள், நான் ஏன் அம்மாவாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கை வந்தது. என் காதைத் தேடிப் பிடித்தது. நான் மூச்சுகூட விடவில்லை. கம்மலைத் தடவினாள், மடலைத் தடவினாள், அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"இது அம்மா காது இல்ல" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துத் தலையணை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

தென்றல், அவள் ஒரு நாளும் என் காதைப் பிடித்துத் தூங்கியதில்லை. நான் உனக்கு எழுதியது முழுப் பொய். முதல் நாளிலிருந்தே தலையணை முனைதான். நானே அவள் கையை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன், நழுவிப் போய்விடும். இப்போது என்ன செய்கிறாள் என்று நீ கேட்டு எழுதியதும் எனக்கு ஆத்திரம் வந்தது. எட்ட இருந்தும் பிள்ளை இவளுக்குத்தானா என்று அப்படி எழுதினேன். எழுதியதை நீ நம்பி அழுதாய் என்று படித்தபோது சந்தோஷப்பட்டேன். என் காது அவளுக்கு வேண்டாம், அவள் காதிலாவது என் கை பட்டது நிற்கட்டும் என்றுதான் முருகையன் வந்த மூன்றாம் நாளே ஆசாரியைக் கூப்பிட்டேன். ஆறு பிறந்துவிடும் என்பதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம்.

அதற்கு ஆசாரி மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். எனக்கு அவர் முகத்தில் விழிக்க வழியில்லை.

அவள் உன்னிடம் வரும்வரை இந்த இரண்டு நாளும் நீ போனிலேயே பேசு. அவள் அழட்டும்.

அருணா

வேங்கிக்கால்
14-6-2020

அன்பு அக்காவுக்கு,

நானும் சிந்துவும் சுகம். உனக்குச் சாப்பாட்டில் ருசி திரும்பிவிட்டதா? மாமாவைக் கடைப் பக்கம் போகவிடாதே, மாடிப்படி ஏறவிடாதே.

சுப்பன் ஆசாரி நேற்று வீட்டுக்குப் போனார். நாலடி நடந்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது. நான் போய்ப் பார்த்தேன். "பாப்பாக்குக் காது ஆறிடுச்சாம்மா?" என்று அவர் என்னைக் கேட்கிறார். தகரத்தைப் பிரித்ததும் நீயும் போய்ப் பார். தனத்தின் வீட்டுக்கும் போ. கதவைத் திறக்காவிட்டால் வெளியே நின்றுவிட்டு வா, ஜன்னலுக்கு வெளியே நிற்பது ஒன்றும் சாவு இல்லை, நான் நின்றிருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட உன் காது அவளுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் அப்படி ஒரு நிம்மதி. நானும் உன் தங்கைதானே. வந்த அன்று மத்தியானமே என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் ராணி மாதிரி படுத்திருந்தேன். தூக்கத்தில், "பெரிம்மா, பிஸ்கெட்டுக்குத் தண்ணி வை" என்றாள். என் காதைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிடுகிறாள்! காதைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று வந்தது. தலைமுடிக்கு ரெட்டைப் பின்னல் வேண்டாமாம், நீ போடுகிற மாதிரிதான் வேண்டுமாம். அது எப்படி என்று எழுது.

வலது காது மிச்சம் இருக்கிறது. ஏழு வயதில், அவள் அப்பா வந்த பிறகு, ஆசாரி கையால்தான். முருகையன் மடியில் உட்காரவைப்போம். நீ ஒரு கையைப் பிடித்துக்கொள், நான் ஒரு கை. ஊசி இறங்கும்போது அவள் அழுதுகொண்டு யாரைக் கூப்பிடுகிறாளோ, மற்றவள் அன்றைக்கு முழுதும் வாயைத் திறக்கக் கூடாது.

தென்றல்